சைட்டில் அடக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு: மேஸ்திரியும் சூப்பர்வைசரும் செய்ய வேண்டியவை

பெங்களூர் சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் வேலை. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த சித்தாள் அக்கா ஒருவர், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் க்யூரிங் (கட்டியது இறுகும்வரை ஈரமாக வைப்பது) பைப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. தூணுக்கும் சுவருக்கும் தண்ணீர் அடித்துக்கொண்டே இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்து நிற்பார். "பைப்பு புடிக்கத் தெரியல, டெய்லி ரெண்டு தடவ குளிக்கிறா" என்று கிண்டல் பண்ணுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து, அவரோடு ஒரே ஷெட்டில் தங்கியிருந்த இன்னொரு அக்காதான் என்னிடம் சொன்னார்: "அவளுக்கு மூத்திரம் நிக்கல சார். சேல நனைஞ்சது யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் தண்ணி அடிக்கிறா."

நான் பெங்களூரில் சேஃப்டி சூப்பர்வைசர். ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா, சாரம் ஆடுகிறதா, ஹார்னஸ் (உயரத்தில் விழாமல் பிடிக்கும் பெல்ட்) கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இதைப் பார்க்க எனக்குக் கண் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு டாக்டர்களிடமும் மேஸ்திரிகளிடமும், முக்கியமாகச் சித்தாள் அக்காக்களிடமும் கேட்டுக் கேட்டு, சைட்டில் செய்து பார்த்துக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்து பேரை வைத்து வீடு கட்டும் மேஸ்திரிக்கும் பயன்படும், ஐந்நூறு பேர் இருக்கும் டவர் வேலைக்கும் பயன்படும்.

எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் ஒரே ஒரு கேள்வியை வைத்து அதைச் சோதியுங்கள்: இதைப் பயன்படுத்த அந்த ஆள் யாரிடமாவது வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறதா? கேட்க வேண்டியிருந்தால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். பைப்பைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.

படி 1: என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

வைத்தியம் பார்ப்பது நம் வேலையில்லை. ஆனால் கசிவில் வகை இருக்கிறது, வகைக்குத் தகுந்தபடி சைட்டில் செய்ய வேண்டியதும் மாறும்.

இருமினால், தும்மினால், சட்டியைத் தூக்கினால் சொட்டுவது ஒரு வகை. இரண்டு மூன்று பிள்ளை பெற்ற பெண்களிடம் அதிகம். மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசை தளர்ந்துவிடுவதால் வருவது. சித்தாள் வேலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். குனிந்து தூக்குவது, தலைச்சுமையோடு படி ஏறுவது, சிமெண்ட் தூசியில் நாள் முழுக்க இருமுவது, தண்ணீர் குடிக்காமல் வரும் மலச்சிக்கலில் முக்குவது. நான்கும் அழுத்துவது அதே தசையைத்தான். "அடி இறங்குது" என்று பெண்கள் சொல்லும் கர்ப்பப்பை இறக்கமும் இந்த வழியில்தான் வருகிறது.

வந்தால் வந்ததுதான், கக்கூஸ் போய்ச் சேரும்வரை தாங்காது என்பது இரண்டாவது. நீர்க்கடுப்பு, சர்க்கரை, வயது எல்லாம் இதற்குக் காரணமாகலாம். ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு வேறு மாதிரி: நின்று நின்று பார்த்தாலும் முழுதாகப் போகாது, வெளியே வந்தபின் லுங்கியில் சொட்டும், பத்து நிமிடத்தில் மறுபடி முட்டும். பெரும்பாலும் புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கம். கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு நரம்பு வழியாக வரும் சிக்கல் தனி. கஷ்டப் பிரசவத்துக்குப் பிறகு இரவும் பகலும் நிற்காமல் ஒழுகினால், மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். இருபது வயதுப் பெண்ணுக்கும் இது வரும், ஆபரேஷனில் சரி செய்யலாம் என்பது அவர்கள் பலருக்குத் தெரியாது.

கடைசி வகையை நாம்தான் உண்டாக்குகிறோம். உடம்பில் பெரிய கோளாறு ஒன்றும் இருக்காது. ஆள் பதினோராவது மாடியில் இருப்பார், கக்கூஸ் கேட்டுப் பக்கம் இருக்கும், இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் வார். வேலையிடத்தைச் சரி செய்தால் இது தானே சரியாகிவிடும்.

மலம் அடக்க முடியாமல் போவதும் உண்டு. பிரசவக் கிழிசல், மூலத்துக்குச் செய்த ஆபரேஷன், நாள்பட்ட பேதி எல்லாம் காரணம். கெட்டியான மலச்சிக்கலுக்கு மேலேயும் தண்ணீராகக் கசியும், அதைப் பேதி என்று நினைத்துத் தப்பாக மாத்திரை போடுவார்கள். கீழே சொல்லும் ஏற்பாடு எல்லாம் இவர்களுக்கும்தான். இவர்களுக்குத் தண்ணீர் வசதி இரண்டு மடங்கு வேண்டும்.

படி 2: வாட்சைப் பார்த்துக்கொண்டு நடந்து பாருங்கள்

உங்கள் சைட்டில் மிக உயரத்தில் வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். ஹார்னஸ் மாட்டிக்கொள்ளுங்கள். இப்போது முட்டுகிறது என்று வைத்துக்கொண்டு கொக்கியைக் கழற்றி, லிஃப்டுக்குக் காத்திருந்து, இறங்கி, கம்பியும் ஜல்லியும் கிடக்கும் வழியில் நடந்து, கக்கூஸ் கதவைத் திறக்கும்வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். நான் முதல்முறை செய்தபோது 14 நிமிடம். அதில் 6 நிமிடம் லிஃப்டுக்காக நின்றது, ஏனென்றால் அது சுவர் கட்டும் பிளாக் ஏற்றிக்கொண்டிருந்தது. அவசரமாக வருகிற வகைக்காரருக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் கையில் இருக்கும்.

அந்தக் கணக்கை இன்ஜினியரிடம் காட்டியதும் வாக்குவாதமே இல்லாமல் வேலை நடந்தது. அதுவரை "டாய்லெட் பத்தல சார்" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது, எட்டாவது மாடியில் பிளம்பிங் டக்ட் பக்கமாக ஒவ்வொரு தற்காலிக டாய்லெட் வைத்தோம். லிஃப்ட் ஆபரேட்டரிடம் ஒரு விதி: ஆள் பெல் அடித்தால் சரக்கு காத்திருக்கும், காரணம் கேட்கக்கூடாது.

சட்டம் நம் பக்கம்தான். 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தொழிலாளர் சைட்டில் இருக்கும் நேரமெல்லாம் போய்வரத் தோதான இடத்தில் போதுமான கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. 'எல்லா நேரமும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். டீ பிரேக்கில் மட்டும் பூட்டைத் திறந்துவிடுவது அதில் வராது. 32-ஆம் பிரிவு, குடிதண்ணீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கக்கூடாது என்றது. இந்தச் சட்டத்தை 2020-ல் நிறைவேறிய தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள், அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எத்தனை கக்கூஸ் என்பதற்கு நான் பிடித்துக்கொள்ளும் கணக்கு 1971-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகளில் உள்ளது: 25 பெண்ணுக்கு ஒன்று, 25 ஆணுக்கு ஒன்று, நூறு பேரைத் தாண்டினால் அதற்கு மேல் 50 பேருக்கு ஒன்று. கசிவு உள்ளவர்கள் இருக்கும் சைட்டுக்கு இது குறைந்தபட்சம்தான்.

தர்ட்டி ஃபார்ட்டி (30-க்கு 40 அடி) சைட்டில் வீடு கட்டுகிறவர்கள் "எங்களுக்கு எங்கே இடம்?" என்பார்கள். பதில் சுலபம். எப்படியும் செப்டிக் டேங்கோ சாக்கடை இணைப்போ போடப்போகிறீர்கள். அதை முதல் வாரத்திலேயே போட்டு, மேலே ஒரு பேசின் பதித்து, நாலு பக்கமும் தகரம் அடித்தால் முடிந்தது. பேஸ்மெண்ட் எழும்பிய பிறகு போடுவதற்கும் இப்போதே போடுவதற்கும் செலவில் பெரிய வித்தியாசமில்லை. அதுவரை பக்கத்துக் காலி மனையும் இருட்டும்தான் பெண்களுக்குக் கதி. காலையில் ஐந்து மணிக்கு ஒதுங்கிவிட்டு மறுபடி இருட்டும்வரை அடக்கி வைத்தால், கசிவு இல்லாதவர்களுக்கும் நீர்க்கடுப்பு வந்து சேரும்.

படி 3: கக்கூஸுக்குள் என்ன இருக்க வேண்டும்

உள்ளே தாழ்ப்பாள். இது முதல். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சேலையை எப்படி மாற்றுவது? அடுத்து, உள்ளேயே குழாய் அல்லது நிரம்பிய டிரம், மக். துணியையும் பையையும் தொங்கவிட இரண்டு ஆணி. பல்பு. முட்டி வலிக்காரர்கள் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி, மிச்சக் கம்பியிலேயே வளைத்து அடிக்கலாம். ஆண் பெண் படம் போட்ட போர்டு. எழுத்து மட்டும் போதாது, நம் சைட்டில் தமிழ், கன்னடம், இந்தி, வங்காளம், ஒடியா எல்லாம் கலந்து நிற்கிறது.

மூடி போட்ட குப்பைக் கூடையைப் பெண்கள் பக்கம் வைப்பவர்கள் உண்டு. ஆண்கள் பக்கம் வைத்த சைட்டை நான் ஒன்றோ இரண்டோதான் பார்த்திருக்கிறேன். புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து பேடு வைத்திருக்கும் ஆள் அதை எங்கே போடுவார்? எங்கள் சைட்டில் கம்பி கட்டும் அண்ணன் ஒருவர் நனைந்த பேடைச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஷெட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே. இரு பக்கமும் கூடை வையுங்கள். பக்கத்தில் பழைய பேப்பர் கட்டு ஒன்று. பெங்களூரில் இந்தக் குப்பையைப் பேப்பரில் சுற்றி, சிவப்பு மார்க்கரில் அடையாளம் போட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்ற முறை வந்து பல வருடம் ஆகிறது. மார்க்கரை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் சென்ட்ரிங் ஆசாரி காதில் போய் உட்கார்ந்துவிடும்.

தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் சைட்டில் முதலில் காய்வது கக்கூஸ் டிரம்தான். 2024 மார்ச்சில் நகரக் குடிநீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது இதைக் கண்ணாரக் கண்டேன். க்யூரிங்குக்கு டாங்கர் வந்தது, கலவைக்கு வந்தது, கக்கூஸுக்கு வரவில்லை. டாங்கர் இறங்கியதும் முதலில் கக்கூஸ் டிரம், பிறகு மற்றது என்று வரிசையை மாற்றுங்கள். அங்கே ஊற்ற சுத்திகரித்த கழிவுநீர் போதும், உடம்பு கழுவ மட்டும் நல்ல தண்ணீர் ஒரு பக்கெட் தனியாக.

படி 4: பொதுவில் பேசுங்கள், ஆளைப் பிடித்து அல்ல

காலையில் ஆட்களை நிறுத்திப் பேசும் ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதில் வாரம் ஒருமுறை இதையும் சொல்லுங்கள். ஹெல்மெட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில், அதே குரலில். நான் சொல்வது இவ்வளவுதான்:

"ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போங்க. எத்தன தடவ போனாலும் கூலில கை வைக்க மாட்டோம். அடக்க முடியல, கசியுதுன்னா அது நோவுதான், வைத்தியம் இருக்கு. ஆம்பளைங்க என்கிட்ட சொல்லலாம், பொம்பளைங்க ஷெட்டுல இருக்கற அக்காகிட்ட சொல்லலாம்."

கன்னட ஆட்களுக்கும் இதே பேச்சு அப்படியே பொருந்தும். அவர்களும் "ஒந்தக்கே ஹோகி பர்த்தீனி" என்றுதான் சொல்வார்கள், ஒன்றுக்கும் இரண்டுக்கும் மொழி பேதம் கிடையாது.

முதல் வாரம் சிரிப்பு வரும். இரண்டாவது வாரமும் வரும். மூன்றாவது வாரம் அடங்கிவிடும். கிண்டல் செய்தவரைக் கூட்டத்தில் திட்டாதீர்கள், அது கிண்டலுக்கு ஆளானவரைத்தான் மறுபடி காட்டிக்கொடுக்கும். சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை போதும்.

பெண்களுக்கு யாரிடம் சொல்வது என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேஸ்திரியின் மனைவியைப் போடாதீர்கள், ஷெட்டு முழுக்கப் பரவும் என்ற பயம் இருக்கும். எல்லாரும் கடன் வாங்கக்கூட நம்பிப் போகிற ஒரு அக்கா எந்த சைட்டிலும் இருப்பார். அவரைக் கேளுங்கள்.

படி 5: ஒருவரிடம் தனியாகப் பேச வேண்டி வந்தால்

அறிகுறிகள் தெரியும். தண்ணீரே குடிக்காதவர், சட்டைக்கு மேல் சட்டை போடுபவர், லஞ்சுக்குத் தனியாகத் தள்ளிப்போய் உட்காருபவர், மேல் மாடி வேலை என்றால் ஏதாவது காரணம் சொல்பவர். அந்தக் கம்பி கட்டும் அண்ணனைச் சோம்பேறி என்றுதான் மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். மேலே போனால் திரும்பி வர நேரமாகும் என்ற ஒரே காரணத்துக்காகக் கீழே கம்பி வெட்டும் வேலைக்கு நின்றார், அதற்குக் கூலி குறைவு என்று தெரிந்தும்.

பேசும்போது நோயின் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டாம். வேலையிலிருந்து தொடங்குங்கள். எங்கள் ஷெட்டு அக்கா அந்த சித்தாளிடம் பேசியது எனக்குப் பிறகு தெரிய வந்தது: "எனக்கு ரெண்டாவது பையன் பொறந்தப்ப இருமுனாலே போயிரும்டி. நீயும் அப்படியா?" அவ்வளவுதான். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைவிட நல்ல வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

ஆணாக இருந்து பெண்ணிடம் பேசியே ஆக வேண்டுமென்றால், "அக்கா, உங்களுக்குத் தண்ணி டிரம், டாய்லெட் எல்லாம் சவுரியமா இருக்கா? வேல எடத்த மாத்தணும்னா சொல்லுங்க, காரணம் வேணாம்" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டதை எழுதி வைக்காதீர்கள். ஹாஜர் புத்தகத்தில் 'பாத்ரூம் பிராப்ளம்' என்று எழுதி வைத்த சூப்பர்வைசர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் புத்தகம் செக்யூரிட்டி மேஜையில் கிடக்கும்.

படி 6: தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள்

எல்லாரும் முதலில் செய்கிற தப்பு இது. குடித்தால்தானே வரும் என்று காலையிலிருந்து நாக்கை நனைக்காமல் இருப்பார்கள். மூத்திரம் கெட்டியாகி மூத்திரப்பையை எரிச்சலூட்டும், அவசரம் கூடும், நீர்க்கடுப்பு வரும், மலம் கட்டும், வெயிலில் மயக்கமும் வரும். சாரத்தின் மேல் மயக்கம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரேயடியாக ஒரு பாட்டில் குடிப்பதுதான் முட்ட வைக்கும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் குடிக்கட்டும். பெரும்பகுதி வியர்வையில் போய்விடும். குறைக்க வேண்டியது டீ, காபி. நம் ஆட்கள் ஒரு நாளைக்கு ஆறேழு டீ குடிப்பார்கள், அது மூத்திரப்பையைத் தூண்டும். இரண்டாகக் குறைத்துவிட்டு மோரோ எலுமிச்சைத் தண்ணீரோ கொடுத்துப் பார்த்தோம், இரண்டு வாரத்திலேயே சிலருக்கு வித்தியாசம் தெரிந்தது.

அவசர வகைக்காரர்கள் முட்டுவதற்குமுன் மணி பார்த்துப் போகட்டும். முதலில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு வாரம் நனையாமல் இருந்தால் 15 நிமிடம் கூட்டலாம். இப்படிக் கூட்டிக் கூட்டி இரண்டரை, மூன்று மணி நேரம் வரை வந்தவர்கள் உண்டு. போனில் சத்தமில்லாமல் அதிரும்படி அலாரம் வைத்துக் கொடுங்கள்.

படி 7: வேலையை மாற்றிக் கொடுங்கள், கூலியை மாற்றாமல்

50 கிலோ சிமெண்ட் மூட்டையைச் சொன்னால் எல்லாருக்கும் புரியும். பெங்களூரில் அதைவிடத் தொல்லை சாலிட் பிளாக். 6 இஞ்ச் பிளாக் ஒன்று 20 கிலோவுக்கு மேல், அதை நாள் முழுக்கத் தூக்குவார்கள். கசிவோ இறக்கமோ உள்ள பெண்ணை பிளாக் தூக்குவதிலிருந்து எடுத்துவிடுங்கள். டைல்ஸ் இடுக்கு பூசுவது, சல்லடை, க்யூரிங், ஸ்டோரில் எடுத்துக் கொடுப்பது என்று எத்தனையோ இருக்கிறது. ஆனால் 'லைட் வேலை' என்று கூலியில் ஐம்பதைக் குறைத்தால், மறுநாளே அவர் பிளாக் பக்கம் போய்விடுவார். குறைக்காதீர்கள்.

தூக்கியே ஆக வேண்டிய இடத்தில் சட்டியைப் பாதி நிரப்பி, இரண்டு நடையாக. தூக்குவதற்கு ஒரு நொடி முன்னால் அடியை இறுக்கிக்கொண்டு, மூச்சை விட்டபடியே தூக்கச் சொல்லுங்கள். மூச்சை அடக்கித் தூக்கினால் அழுத்தம் முழுக்கக் கீழேதான் இறங்கும். இருமல், தும்மல் வரும்போதும் அதே இறுக்கம்.

இறுக்குவது எப்படி? காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல. தொடையும் வயிறும் இறுகக்கூடாது, மூச்சு நிற்கக்கூடாது. எட்டு பத்து நொடி பிடித்து விட வேண்டும், ஒரு தடவைக்கு எட்டிலிருந்து பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-ல் எழுதிய பயிற்சி இது, இன்றைக்கும் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதான். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்தபடி செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூத்திரம் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது வேண்டாம்.

படி 8: மாற்றுத் துணி, பேடு, தோல்

மாதவிலக்கு நாப்கின் அவசரத்துக்கு உதவும், ஜன் ஔஷதி கடையில் ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் மூத்திரம் ஒரேயடியாக வரும், நாப்கின் அந்த வேகத்துக்கு உறிஞ்சாது. கசிவுக்கென்றே வரும் பேடும் பெரியவர்கள் டயபரும் மருந்துக் கடையில் உண்டு, கூலி ஆளுக்குத் தினம் கட்டுப்படியாகாது. பழைய பருத்தி லுங்கியை நாலாக மடித்து, துவைத்து, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துவது கேவலமில்லை. நிழலில், கட்டிலுக்கு அடியில் மறைத்துக் காயவைப்பதுதான் கெடுதல். ஷெட்டுக்குப் பின்னால் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு தட்டி கட்டி உள்ளே கொடி கட்டிவிட்டால், துணி வெயிலைப் பார்க்கும். ஆண்களுக்கு உறை மாட்டி, குழாய் வழியாகக் காலில் கட்டிய பையில் சேரும் ஏற்பாடும் இருக்கிறது. சரியான அளவை டாக்டரோ நர்ஸோ பார்த்துத்தான் போட வேண்டும்.

சிமெண்ட் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரச் சிமெண்ட் கடும் காரம், தோலைப் பொசுக்கும். தொடையிடுக்கு ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்தால், உள்ளே போன தூசி அங்கேயே கலவையாகிவிடும். வெந்துபோன மாதிரிச் சிவந்து, நடக்கவே முடியாமல் போனவர்கள் உண்டு. எனவே பேடு மாற்றும்போது முதலில் கையைக் கழுவிவிட்டு அப்புறம் உடம்பைத் தொட வேண்டும். வழக்கமாக நாம் தலைகீழாகச் செய்வோம். நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, மெல்லிசாகத் தேங்காய் எண்ணெயோ துத்தநாகக் களிம்போ தடவலாம்.

ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வையுங்கள்: பேடு, கறுப்புப் பை, ஒரு லுங்கி, ஒரு நைட்டி, சோப்பு, பேப்பர். பூட்டு வேண்டாம், கையெழுத்து வேண்டாம். திருடிவிடுவார்கள் என்றார் எங்கள் ஸ்டோர் கீப்பர். நாலு மாதத்தில் போனது ஒரு சோப்பு.

படி 9: ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது

சில அறிகுறிகளுக்கு அன்றைக்கே போக வேண்டும். கீழே விழுந்த பிறகோ கடும் முதுகுவலியோடோ உட்காரும் இடம் மரத்துப்போய், கால் தளர்ந்து, மூத்திரம் தெரியாமல் போனாலோ வராமலே நின்றாலோ, அது நரம்புக்கட்டு அழுந்தும் அவசரம். மணிக்கணக்கில் முடிவு மாறும். அடிவயிறு வீங்கி மூத்திரமே வராதது, குளிர் ஜுரத்தோடு விலாவலி, மூத்திரத்தில் ரத்தம் எல்லாமும் தள்ளிப்போடக் கூடாதவை.

மற்றதற்கு முதலில் வார்டிலுள்ள 'நம்ம கிளினிக்' என்ற அரசு கிளினிக்கோ ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். மூத்திரப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் எடுத்தாலே பாதிப் பேருக்குக் காரணம் பிடிபடும். அதற்கு மேல் பெண்களுக்கு மார்க்கெட் பக்கம் வாணி விலாஸ், சிவாஜிநகர் போரிங் ஆஸ்பத்திரி; சிறுநீரகத்துக்கென்றே விக்டோரியா வளாகத்துக்குள் நெஃப்ரோ யூராலஜி இன்ஸ்டிடியூட். கன்னடம் வராதவர்கள் "மூத்ர தடெயக்கே ஆகல்லா" (மூத்திரத்தை அடக்க முடியவில்லை) என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகட்டும்.

போவதற்கு முன் மூன்று நாள் கணக்கு வைத்திருந்தால் டாக்டருக்கு வேலை பாதி. எழுதத் தெரிய வேண்டாம். பிஸ்கட் அட்டையின் பின்பக்கம், போனால் ஒரு கோடு, நனைந்தால் ஒரு வட்டம், தண்ணீர் குடித்தால் ஒரு புள்ளி.

என்ன வேலை செய்கிறார் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவசரத்தை அடக்கக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், சாலிஃபெனாசின் போன்ற மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கலாம், பார்வையை மங்கச் செய்யலாம். ஏப்ரல் வெயிலில் ஸ்லாப் மேல் நிற்பவருக்கு அது விளையாட்டில்லை. புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கலாம், முக்கியமாகத் தொடக்க நாட்களில். அந்தக் கம்பி கட்டும் அண்ணன் மாத்திரை தொடங்கியபோது இரண்டு வாரம் சாரம் ஏறவிடவில்லை. சில பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மூத்திரத்தைக் கூட்டும், எந்த வேளைக்குப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தானாக நிறுத்தக்கூடாது.

படி 10: காசும் காகிதமும்

18-லிருந்து 60 வயதுக்குள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர்கள் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியலாம். ஊர் தமிழ்நாடு என்பது தடையில்லை, வேலை கர்நாடகத்தில் நடப்பதால் கர்நாடக வாரியத்தில் பதியுங்கள். மருத்துவ உதவி அதன் வழியாக வரும். 90 நாள் சான்றிதழை எழுதிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான், தள்ளிப்போடாதீர்கள். வேலையில் விழுந்து அடிபட்ட பிறகு வந்த கசிவு என்றால், அது அந்த விபத்தின் தொடர்ச்சி. நஷ்டஈட்டுக்கு அது கணக்கில் வர, 'எப்போதிருந்து' என்பதை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி நாளுக்குக் கூலி கொடுங்கள். மாதத்துக்கு ஒரு நாள், மூன்று மாதம். ஒரு சித்தாளை இழந்து புது ஆள் பிடித்துப் பழக்குவதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டு முதலாளிக்குக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்.

படி 11: கான்க்ரீட் நாள்

மேலே சொன்ன எல்லாம் சரியாக நடக்கும் சைட்டிலும் ஸ்லாப் போடும் நாளில் கலைந்துபோகும். மிக்ஸர் ஓடுகிறது, சட்டி கைமாறுகிறது, வரிசையில் ஒருவர் நகர்ந்தால் எல்லாரும் நிற்க வேண்டும். அன்றைக்கு யாரும் போகமாட்டார்கள், போகவும் விடமாட்டார்கள். காலை ஏழுக்குத் தொடங்கினால் சாயங்காலம் மூன்று நான்கு ஆகிவிடும்.

அதற்கு மாற்றாள் வையுங்கள். இருபது பேர் வரிசைக்கு இரண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. வரிசையின் தலையிலிருந்து கடைசிவரை நடந்துகொண்டே இருப்பார்கள், யாருடைய தோளையும் தட்டிச் சட்டியை வாங்கிக்கொள்வார்கள். தட்டப்பட்டவர் போய்விட்டு வந்து அடுத்தவரை விடுவிப்பார். யாருக்கு முட்டுகிறது, யாருக்கு இல்லை என்ற கேள்வியே எழாது, எல்லாருக்கும் முறை வரும். தண்ணீர் டம்ளரும் அதே மாற்றாள் கையில்.

முதல்முறை இப்படிச் செய்தபோது அந்த சித்தாள் அக்கா வரிசையில் ஏழாவதாக நின்றிருந்தார். மாற்றாள் தோளைத் தட்டியதும் சட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார், எட்டாவது ஆளின் தோளைத் தட்டினார். மறுநாள் அந்த ஸ்லாப்புக்குத் தண்ணீர் கட்டினார்கள். பைப்பை வேறொரு பையன் பிடித்திருந்தான்.